மறு: நாடு இருக்கிற நிலையில் கல்யாணத்தைத் தள்ளிப் போடலாமா?

தோத்திரம் சகோதரி. தேர்தலுக்குப் பிறகு தூக்கமே இல்லை, வீட்டு ஜெபக்கூட்டத்தை நிறுத்தச் சொல்லி மிரட்டிவிட்டுப் போனார்கள், கல்யாணத்தைத் தள்ளிப் போடலாமா, பயப்படுவது அவிசுவாசமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவிசுவாசம் இல்லை. இன்று ராத்திரி வேதாகமத்தில் எரேமியா 32-ஆம் அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது, தீர்க்கதரிசி எரேமியாவோ ராஜாவின் காவலில். அந்த நேரத்தில் போய் தன் சொந்த ஊரான ஆனதோத்தில் நிலம் வாங்குகிறார்! 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். எனக்கு நெருக்கமானது அடுத்து வருவதுதான். கிரயம் முடிந்த பிறகு, ஊர் எதிரி கையில் போகிறதே, என்னை நிலம் வாங்கச் சொன்னீரே ஆண்டவரே என்று தவிக்கிறார். தவிப்போடுதான் கீழ்ப்படிந்திருக்கிறார்.

ஹிட்லரை எதிர்த்த போதகர் போன்ஹோஃபர், 1943-ல் பெர்லின் சிறையிலிருந்து தனக்கு நிச்சயமான மரியாவுக்கு எழுதிய கடிதத்தில் இதே எரேமியாவைத்தான் நினைவுகூர்ந்தார். கல்யாணம் நடக்கவில்லை, 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்த நிச்சயதார்த்தம் தப்பு என்று என்னால் நினைக்க முடியவில்லை.

தேதியைக் குறியுங்கள். மிரட்டலைத் தனியாகச் சுமக்காதீர்கள். நாள், நேரம், வந்தவர்கள் சொன்னது எல்லாவற்றையும் எழுதிவைத்து, ஆயரோடும் ஒரு வழக்கறிஞரோடும் பேசுங்கள். படுக்கப் போகும்போது போனை அடுத்த அறையில் வையுங்கள். உங்கள் இருவருக்காகவும் இன்றிலிருந்து ஜெபிக்கிறேன்.