மூக்கு இருக்க நாசி எதற்கு?

கேள்வி: ‘நோஸ்’ என்ற ஆங்கிலச் சொல் நம் ‘நாசி’யிலிருந்து போனது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். ‘நாஸ்ட்ரில்’ என்பதும் ‘நாசித் துளை’யின் சிதைவே. ஆங்கிலத்துக்கு மூக்கைக் கொடுத்ததே தமிழ்தான் என்று எழுத உங்கள் இதழ் ஏன் தயங்குகிறது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தயக்கம் ஒன்றும் இல்லை; தவறு என்பதால் எழுதவில்லை. ‘நாசி’ தமிழில் வழங்கும் சொல்தான், ஆனால் தமிழில் பிறந்த சொல் அன்று; ‘நாஸா’, ‘நாஸிகா’ என்னும் வடசொற்களின் வழியே வந்தது. நம்முடைய சொல் மூக்கு. கன்னடத்தில் மூகு, தெலுங்கில் முக்கு, மலையாளத்தில் மூக்கு என்று குடும்பம் முழுவதும் அது பரந்து கிடக்கிறது. எழுத்துகளின் பிறப்பைச் சொல்ல வந்த தொல்காப்பியர், மெல்லெழுத்து ஆறும் மூக்கின் வளியால் இசைக்கும் என்றாரே தவிர நாசியின் வளி என்று சொல்லவில்லை. தமிழின் பெருமையை நிலைநாட்டப் புறப்பட்டவர் வீட்டுச் சொல்லைத் திண்ணையில் விட்டுவிட்டு விருந்தாளியைக் கையில் பிடித்துக்கொண்டு போனது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

வடமொழி நாஸாவுக்கும் ஆங்கில நோஸுக்கும் உறவு உண்டு. ஆனால் அது தாய் மகள் உறவு அன்று, பங்காளி உறவு. லத்தீனில் நாஸுஸ், ஜெர்மனில் நாஸெ, ரஷ்ய மொழியில் நோஸ், லித்துவேனிய மொழியில் நோசிஸ் என்று இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தின் கிளைகள் பலவற்றில் இந்த மூக்கு தெரிகிறது. வடமொழியும் கிரேக்கமும் லத்தீனும் இன்று மறைந்துபோன ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று ஆங்கிலேய நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பேசியது 1786இல். தென்னாட்டு மொழிகள் அந்தக் குடும்பத்தைச் சேராத தனிக் குடும்பம் என்று ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் சென்னையிலிருந்து எழுதியது 1816இல். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரித்துக் காட்டப்பட்ட கணக்கை நாம் இன்னும் கலைத்துக் கலைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

காலத்தையும் பாருங்கள். கட்டுமரமும் சுருட்டும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்பதில் ஐயமில்லை; ஐரோப்பியக் கப்பல்கள் இங்கு வந்த பிறகு, பொருளோடு பெயரும் சேர்ந்து ஏறிப் போயிற்று. மூக்கோ ‘நொஸு’ என்ற வடிவில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. சுருட்டின் மணத்தை அறிவதற்கு முன்னால் அவர்கள் முகத்தில் மூக்கு இல்லாமலா இருந்தது?

இனி உங்கள் ‘நாசித் துளை’. பொருள் சரியாக அமைந்துவிட்டதால் பிறப்பும் சரி என்று நம்பிவிட்டீர்கள். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ஏறத்தாழ ‘நொஸ்திர்ல்’. நொஸு என்றால் மூக்கு, ‘திரெல்’ என்றால் துளை. ஊடாக என்று பொருள்படும் ‘த்ரூ’ இந்தத் திரெலுக்கு உறவு. நம் துளையோடு ஓசை சற்று ஒத்துப்போவது தற்செயல். இதைவிடச் சுவையானது, துளையிடுதல் என்ற அதே வேரிலிருந்துதான் ‘த்ரில்’ என்ற சொல்லும் வந்தது என்பது. முதலில் ஈட்டியோ ஊசியோ உடலைத் துளைப்பதைக் குறித்த வினை, பின்னாளில் உணர்ச்சி உள்ளத்தைத் துளைப்பதாக மாறிற்று. துப்பறியும் கதையைத் ‘த்ரில்லர்’ என்று அழைக்கிறவர் மூக்குத் துவாரத்தின் ஒன்றுவிட்ட சகோதரனைத்தான் அழைக்கிறார்.

தும்மலுக்கு வருவோம், இதில்தான் எனக்கு ஆசை அதிகம். ‘ஸ்னீஸ்’ என்று இன்று சொல்வதைப் பழைய ஆங்கிலத்தார் ‘ஃப்னேயோஸன்’ என்றார்கள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரி கதைகளை எழுதிய சாசர், குடித்துவிட்டுக் குதிரைமேல் தள்ளாடும் சமையற்காரன் ஒருவனைக் காட்டுமிடத்தில், அவன் மூக்கால் பேசுகிறான், ஓயாமல் ‘ஃப்னெசெத்’, போதாதற்குச் சளியும் பிடித்திருக்கிறது என்று எழுதுகிறார். பிறகு அந்த ‘ஃப்ன்’ ஒலிக்கூட்டு ஆங்கிலத்திலிருந்தே மறைந்தது. அக்காலத்தில் நீட்டி எழுதப்பட்ட எஸ் எழுத்து எஃப் எழுத்தின் இரட்டைப் பிள்ளை போல இருக்கும். ஆகவே படித்தவர்கள் மாற்றிப் படித்ததால் எஃப் எஸ் ஆயிற்று என்பது ஒரு விளக்கம். எஃப் தேய்ந்து ‘நீஸ்’ என்று நின்ற சொல்லின் தலையில் பிறகு எஸ் வந்து ஒட்டிக்கொண்டது என்பது மற்றொன்று. எது நடந்திருந்தாலும் ‘ஸ்ன்’ வென்றதற்குக் காரணம் உண்டு என்றே நினைக்கிறேன். குறட்டைக்கு ஸ்னோர், மூக்கால் சீறுவதற்கு ஸ்னார்ட், முகர்வதற்கு ஸ்னிஃப், விலங்கின் நீண்ட மூக்குக்கு ஸ்னௌட், சளிக்கு ஸ்னாட் என்று மூக்கு வேலையெல்லாம் அந்த ஒலியிடம்தான் இருந்தது. தும்மலும் போய் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. இவை யாவும் நோஸிலிருந்து பிறந்தவை என்று மட்டும் அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள்.

மூக்கு வெளியே தெரியாத சொற்களும் உண்டு. குழாய் முனையைக் குறிக்கும் ‘நாசில்’ உண்மையில் ‘சின்ன மூக்கு’. கெண்டிக்கு மூக்கு வைத்த நமக்கு இது வியப்பாக இராது. ஒரே எண்ணம் இரண்டு மொழிகளில் தனித்தனியே தோன்றியிருக்கிறது, யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ‘நஸ்டர்ஷியம்’ என்ற லத்தீன் சொல் முதலில் காரமான ஒரு கீரையின் பெயர். மூக்கைப் படுத்தும் பாட்டால் அது அப்பெயர் பெற்றது என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். தோட்டத்தில் செம்மஞ்சளாகப் பூக்கிற, தென் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிக்கு அதே பெயர் வாய்த்தது, அதன் இலையும் அந்தக் கீரையைப் போலவே காரமாக இருந்ததால்.

ஆங்கிலத்தில் இந்திய மூக்கு ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும் என்றால், காவல்துறைக்குத் துப்புக் கொடுக்கும் ஆளைக் குறிக்கும் ‘நார்க்’ என்ற கொச்சைச் சொல்லைப் பாருங்கள். வட இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்டு ஐரோப்பா சென்ற ரோமானி மக்களின் மொழியில் ‘நாக்’ என்றால் மூக்கு, இந்தியிலும் அப்படியே; நார்க் அதிலிருந்து வந்திருக்கலாம் என்கின்றன அகராதிகள். மோப்பம் பிடிப்பவனுக்கு மூக்கின் பெயர் பொருத்தம்தான். ஆனால் ஓசையை மட்டும் வைத்து வேர் தேடும் உங்கள் முறைப்படி போனால், அந்த நாக் நம்முடைய நாக்காகிவிடும்.