கழற்றிய டேப்பைத் திரும்ப ஒட்டினார்களா?

கேள்வி: என்னுடையது நான்கு வருடப் பழைய கேமிங் லேப்டாப். போன மாதம் கடையில் கொடுத்துத் தூசி எடுத்து, சிப்பின் மேல் தடவும் தெர்மல் பேஸ்டை மாற்றினேன். சூடு குறையும் என்று பார்த்தால் கூடியிருக்கிறது. பத்து நிமிடம் கேம் ஓடினாலே 97 டிகிரி காட்டி, வேகம் விழுந்துவிடுகிறது. ஹீட்சிங்க்குக்கும் ஃபேனுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைத்தால் சரியாகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதே கடைக்காரர் அதை ‘கூலிங் மாடிஃபிகேஷன்’ என்று சொல்லி 3,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? – கல்லூரி மாணவர், மதுரை

பதில்: கொடுக்காதீர்கள். அவர் விற்கப் பார்ப்பது பெரும்பாலும் அவரே பிய்த்துப் போட்ட பொருளைத்தான்.

லேப்டாப் ஃபேன் அடியிலிருந்து காற்றை இழுத்து, பக்கவாட்டில் இருக்கும் ஹீட்சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்குள் தள்ளுகிறது. ஹீட் பைப் என்ற குழாய் சிப்பிலிருந்து கொண்டுவந்து சேர்த்த சூட்டை அந்தக் காற்றுதான் வெளியே கொண்டுபோக வேண்டும். தகடுகளுக்கு நடுவே உள்ள சந்து மிகக் குறுகல். ஃபேனின் வாய்க்கும் தகடுகளுக்கும் இடையே கொஞ்சம் திறப்பு இருந்தாலும் காற்று சுலபமான அந்த வழியாக உள்ளேயே கசிந்துவிடும். தகட்டுக்குப் போகும் காற்று குறையும். கசிந்த காற்றையே ஃபேன் மறுபடி இழுத்துச் சுற்றும். இதைத் தடுக்கத்தான் கம்பெனியில் அந்த இணைப்பின் மேல் ஒரு மெல்லிய கறுப்பு டேப்போ பஞ்சுப் பட்டையோ ஒட்டி அனுப்புகிறார்கள். தூசி எடுக்க அதை உரித்தே ஆகவேண்டும். உரித்ததும் பசை போய்விடும். புதிதாக ஒன்றை வெட்டி ஒட்ட ஐந்து நிமிடம் ஆகாது. ஆனாலும் ஒட்டாமல் மூடிக் கொடுக்கும் கடைகளே அதிகம்.

ஆகவே முதலில் பின் மூடியைத் திறந்து பாருங்கள். அதற்கு முன் ஷட்டௌன் செய்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பேட்டரி உப்பியிருந்தால் எதையும் தொடாமல் நிறுத்திவிடுங்கள், அது வேறு சிகிச்சை. ஃபேன் மூடியும் தகடும் சேரும் இடத்தில் பழைய பசையின் தடம் தெரிந்து, மேலே டேப் இல்லையென்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

ஒட்ட வேண்டியது கேப்டான் டேப், அந்தத் தேன் நிறத்தில் இருப்பது. செல்போன் சர்வீஸ் பாகங்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். சூட்டைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது. சாதாரண செல்லோடேப்பின் பசை இளகி, நூலாக இழுத்துக்கொண்டு ஃபேனுக்குள் போகும். அலுமினிய ஃபாயில் டேப் பார்க்க நேர்த்தியாக இருக்கும். அதன் ஒரு முனை கழன்று மதர்போர்டில் பட்டால் ஷார்ட்தான். ஒட்டும்போது பாதி ஃபேன் மூடியிலும் பாதி தகட்டின் மேல்பரப்பிலும் இருக்கட்டும். காற்று வெளியேறும் பக்கத்தை மறைக்கக் கூடாது.

இனி, எல்லா இடைவெளியையும் அடைத்துவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு. இங்கேதான் பலர் லேப்டாப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எல்லாத் திறப்பும் கசிவு அல்ல. சில மாடல்களில் ஃபேன் மூடியின் ஓரத்தில் சின்னத் துளையோ வெட்டோ வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அந்த வழியாக வரும் காற்று, சிப்புக்கு மின்சாரம் தரும் பாகங்கள் மேலும், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி மேலும் வீசும். அதேபோல, பல ஃபேன்கள் கீழிருந்தும் மேலிருந்தும் இரண்டு பக்கமும் காற்றை இழுப்பவை. மேல்பக்கம் இழுக்கும் காற்றுதான் கீபோர்டுக்கு அடியில் தேங்கும் சூட்டை வழித்துக்கொண்டு போகிறது. ஃபேனைச் சுற்றிப் பஞ்சை வைத்து முழுக்க அடைத்தால் சிப்பின் எண் சில டிகிரி இறங்கும், மனதுக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் எஸ்எஸ்டி சத்தமில்லாமல் வெந்துகொண்டிருக்கும். பெரும்பாலான எஸ்எஸ்டிகளுக்குக் கம்பெனி சொல்லும் உச்சவரம்பு 70 டிகிரி. ஆகவே விளிம்பு நேராக, இயந்திரத்தில் வெட்டிய மாதிரி இருக்கும் துளையை அப்படியே விடுங்கள். உரித்த பசைத் தடம் உள்ள இடத்தை மட்டும் மூடுங்கள். அடைப்பதற்கு முன்னும் பின்னும் அதே அறையில், அதே கேமை, அதே நேரம் ஓட்டி, சிப், எஸ்எஸ்டி இரண்டின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று இறங்கி மற்றது ஏறியிருந்தால் ஒட்டியதை எடுத்துவிடுங்கள்.

டேப் இருந்த இடத்திலேயே இருக்கிறதா? அப்படியானால் சந்தேகம் தெர்மல் பேட் மேல், அதாவது சிப்பைச் சுற்றியுள்ள பாகங்களுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே வைக்கும் மெத்தென்ற பட்டை மேல். பழைய பேட் 0.5 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் கையில் கிடைத்த 1 மில்லிமீட்டரை வைத்துவிட்டால் ஹீட்சிங்க் தூக்கிக்கொள்ளும். சிப் மேல் சரியாக உட்காராது. எவ்வளவு நல்ல பேஸ்ட் போட்டும் பயனில்லை. ‘என்ன கனம் வைத்தீர்கள்?’ என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் இன்னொரு ரூபாய் கொடுக்காதீர்கள். ‘போர்டு போச்சு’ என்று அடுத்த படிக்கு அவர் தாவினாலும் நம்பாதீர்கள். பேஸ்டுக்குப் பதிலாக ‘லிக்விட் மெட்டல்’, அதாவது திரவ உலோகம், போடுகிறேன் என்றால் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அது வழிந்தால் ஷார்ட் ஆகும், அலுமினியத்தையும் அரித்துவிடும்.

சர்வீஸ் சென்டர் போகலாமே என்பீர்கள். அங்கே இரண்டு அங்குல டேப்புக்குப் பாக எண் கிடையாது. ஃபேன், ஹீட்சிங்க் எல்லாம் சேர்த்து ஒரே அசெம்பிளியாக மாற்றச் சொல்வார்கள். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்து, இணையதளமும் திறந்தது. ஆனாலும் எந்த இடத்தில் எந்தக் கனத்தில் பேட் வைக்க வேண்டும் என்ற ஒரு பக்கத் தகவலைக்கூட பல கம்பெனிகள் இன்றும் வாங்கியவருக்குத் தருவதில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு இந்த நிலை என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கடைசியாக ஒன்று. மதுரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது சோதித்துப் பார்த்து மனம் உடையாதீர்கள். பல லேப்டாப்களைச் சுற்றுப்புறம் 35 டிகிரி வரைதான் என்று கணக்கிட்டுச் செய்கிறார்கள். அதிகாலையில் சோதியுங்கள். அப்போதும் 97 காட்டி, ஃபேனும் கரகரவென்று சத்தம் போட்டால், ஃபேன் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணில் புது ஃபேன் வாங்கிப் போடுங்கள்.