அந்த ‘அப்புறம்’ எப்போது வரும்?

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரியில் பத்து வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கணவர் சாஃப்ட்வேர். கனடா பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வந்துவிட்டது, ஒன்டாரியோ போகிறோம். “முதலில் என் வேலை செட்டாகட்டும், உன்னுடையதை அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார். நாலு வயதில் பையன் இருக்கிறான். அவர் சொல்வது சரிதானே?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அந்த ‘அப்புறம்’தான் எனக்கு உறுத்துகிறது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத லைசென்ஸ் வேண்டாம், ஊசி போட லைசென்ஸ் வேண்டும். அவர் போன மறுநாளே ரெஸ்யூமே அனுப்பலாம், நீங்கள் ஒன்டாரியோ செவிலியர் கல்லூரியில் (பெயர்தான் கல்லூரி, பாடம் நடத்தாது, பதிவு செய்யும் அமைப்பு) சான்றிதழ்களைக் கொடுத்து, என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வு எழுதித் தேறி, அதற்கப்புறம்தான் நர்ஸ். அதோடு, கடைசி மூன்று வருஷத்துக்குள் நர்ஸாக வேலை பார்த்திருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். ‘அப்புறம்’ நாலு வருஷமாக நீண்டால் உங்கள் பத்து வருஷ அனுபவத்துக்கு அங்கே மதிப்புக் குறைந்துவிடும். நடுவில் வீட்டு வாடகைக்காக பி.எஸ்.டபிள்யூ. வேலைக்குப் போவீர்கள், முதியோரைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடும் வேலை. கேவலமில்லை, ஆனால் அதிலேயே தங்கிப்போன நர்ஸுகள் நிறைய.

2000-01இல் கனடாவில் வந்து இறங்கியவர்களை அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறை ஆறு மாதம், இரண்டு வருஷம், நாலு வருஷம் கழித்து என மூன்று தடவை விசாரித்தது. மூன்று தடவையும் வேலையில் இருந்த ஆண்களின் விகிதம்தான் அதிகம். படிப்பை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. பையன் விஷயத்தையே எடுங்கள். நாலு வயதில் ஜே.கே. (ஜூனியர் கிண்டர்கார்டன்) வகுப்பு, அரசுப் பள்ளியில் இலவசம், சந்தோஷம். ஆனால் மதியம் மூன்று மூன்றரைக்கு விட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரி ஷிஃப்டோ பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம், காலை ஏழு முதல் ராத்திரி ஏழு வரை. யார் கூட்டி வருவது? இதை இங்கேயே, விமானம் ஏறுவதற்கு முன்னால், அவரிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போதைக்கு ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். படித்த கல்லூரியிலும் நர்ஸிங் கவுன்சிலிலும் என்னென்ன சான்று வாங்க வேண்டும் என்று பார்த்து விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள், நம் ஊரில் அதற்கே மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். என்கிளெக்ஸை இந்தியாவிலேயே எழுதலாம், அங்கிருந்து அனுமதி வந்தால் போதும். அதுவரை அவர் முன்னால் போய் வீடு பார்க்கட்டும், சமையலும் பழகிக்கொள்ளட்டும்.