இரண்டு டிஸ்க் இருந்தால் பேக்கப் ஆகிவிடுமா?

கேள்வி: இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வாங்கியிருக்கிறேன். படங்கள், ஆவணங்கள் எல்லாம் சேர்த்து 1.5 டெராபைட். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதிவாகும், இனி பழைய எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் தேவையில்லை என்கிறார் விற்றவர். அதை அழித்துவிட்டு வேறு வேலைக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: அழிக்காதீர்கள். பெட்டியைவிட இப்போது உங்களுக்கு முக்கியம் அந்தப் பழைய டிஸ்க்தான்.

விற்றவர் சொன்னதன் பெயர் ரெய்டு 1. ஒரு டிஸ்க் பழுதானாலும் பெட்டி நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் போய்விடும். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் இரண்டையும் சேர்த்தே பூட்டும். இது தெரிந்தும் "டபுள் பேக்கப்" என்று சொல்லி விற்பவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு விதிவிலக்கு உண்டு. அசல் உங்கள் லேப்டாப்பில் இருந்து, நகல் மட்டும் நாஸில் இருந்தால், அது பேக்கப்தான். ஒற்றை டிஸ்க் பெட்டியானாலும் பேக்கப்தான். ஆனால் நடப்பது என்ன? இடம் காலியாகட்டும் என்று அடுத்த வாரமே லேப்டாப்பில் அழித்துவிடுகிறோம். அப்போதிலிருந்து நாஸில் இருப்பது நகல் இல்லை, ஒரே அசல். போன் படங்களுக்கும் இதே கதைதான். இன்னொன்று, சிங்க் (இரண்டு இடத்தையும் எப்போதும் ஒரேபோல வைத்திருக்கும் வசதி) போட்டிருந்தால் இந்த விதிவிலக்கும் செல்லாது; இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆரா, சிஎம்ஆரா என்று கேளுங்கள்; டிஸ்க்கில் எழுதும் இரண்டு முறைகள் இவை. எஸ்எம்ஆரில் தடங்களை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவார்கள். பழுதான டிஸ்க்கை மாற்றும்போது மணிக்கணக்கில் இழுத்தடிக்கும். நாஸுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல்தான் வெளியே வந்தது. பெட்டியில் ஒரு வரி அச்சிட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? ஓடிய டிஸ்க்கைப் புதிது என்று தள்ளிவிடுபவர்களும் உண்டு. போட்டவுடன் ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் குறிப்பு) எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள்.

வெளியிலிருந்து படம் பார்க்க ஆசைப்பட்டு ரவுட்டரில் போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து நேரே நாஸுக்கு வரும் வழியை, திறந்துவிடாதீர்கள். 2022-இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளைத்தான் பூட்டியது. அவசியமென்றால் விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய தனி வழி) போடுங்கள்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். முதல் நகலுக்கு வைஃபை வேண்டாம். கிகாபிட் கேபிளில் நான்கைந்து மணி நேரத்தில் முடியலாம், சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் கூடும். அப்புறம் வாரம் ஒருமுறை பழைய டிஸ்க்கை நாஸில் செருகி, புதிதாகச் சேர்ந்ததை ஏற்றி, கழற்றி, முடிந்தால் வேறொரு வீட்டில் வையுங்கள். செருகியே விட்டால் நாஸுக்கு வருவது அதற்கும் வரும். கழற்றியதும் வேறொரு கணினியில் பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். சில நாஸ் மென்பொருள்கள் தமக்கு மட்டுமே புரியும் வடிவத்தில் சேமிக்கும். திறக்கவில்லை என்றால் சாதாரண ஃபைல்களாக நகலெடுக்கும் முறைக்கு மாற்றிவிடுங்கள்.