உரம் வைத்தும் ஏத்தன் வாழைக் குருத்து விரியவில்லையா? வேரின் உள்வாசலைப் பாருங்கள்

கேள்வி: களக்காடு பக்கம் ஏத்தன் வாழை போட்டு அஞ்சு மாசம் ஆகுது. புதுக் குருத்து குறுகி, வெளிறின கோட்டோட, சரியா விரியாம வருது. சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், குறைன்னு சொன்னாங்க. ஒவ்வொரு வாழை மூட்டுக்கும் (அடிக்கும்) கால் கிலோ கால்சியம் நைட்ரேட் வச்சு, போர் தண்ணி பாய்ச்சினேன். தண்ணி கொஞ்சம் உப்பு. மூணு வாரமாச்சு, ஒரு மாற்றமும் இல்லை. போட்ட உரம் எங்கே போச்சு?

பதில்: வேரின் வாசல் வரை வந்து, உள்ளே போக வழியில்லாமல் நிற்கிறது. வேர் உறிஞ்சுகுழல் மாதிரி கரைந்ததையெல்லாம் இழுப்பதில்லை. மேல்தோலையும், அதை அடுத்த சதைப்பகுதியான புறணியையும் தாண்டினால் அகத்தோல் என்று ஓரடுக்குச் செல்கள் வளையமாக நிற்கும். அந்தச் செல்களின் பக்கச் சுவர்களில் லிக்னின் என்ற மரப்பொருள் படிந்து, செங்கல் இடுக்கில் சிமெண்ட் பூசியது போல அடைத்திருக்கும். இதுதான் காஸ்பேரியன் பட்டை. 1865இல் இதை விவரித்த ஜெர்மன் தாவரவியலாளர் ராபர்ட் காஸ்பேரியின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. புறணி வரை செல்களின் இடுக்கில் நழுவி வந்த உப்புகூட, இங்கே செல் சவ்வின் வழியாகத்தான் உள்ளே நுழைய முடியும். எதை விடுவது, எதைத் தடுப்பது என்பதைச் சவ்வில் உள்ள கடத்திகள் என்ற புரதங்கள் முடிவு செய்கின்றன. அந்த வேலைக்கு ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்குக் காற்று வேண்டும். தண்ணீர் தேங்கிய வயலில் உரம் இருந்தும் வாழை மஞ்சளடிப்பது இதனால்தான்.

வேர் முதிர முதிர, அகத்தோல் செல்களைச் சுற்றிச் சூபரின் என்ற தக்கைப் பொருள் படிந்து சவ்வுக்கான வழியையும் மூடிவிடும். அங்கங்கே சில வழிச்செல்கள் மட்டும் திறந்திருக்கும். கால்சியம் பெரும்பாலும் நுழைவது இந்தப் பூச்சு வராத இளம் நுனிப் பகுதியில்தான். ஆக, உங்கள் வாழைக்குச் சோறு ஊட்டுவது மூட்டை ஒட்டிய தடித்த வேர் இல்லை. தள்ளி ஓடும் வெள்ளை நுனி.

உப்புத் தண்ணீர் இதை இன்னும் இறுக்குகிறது. உவர்ப்பிலும் வறட்சியிலும் செடி தற்காப்பாகச் சூபரினைக் கூட்டும். சோடியம் உள்ளே வராமலிருக்க அது நல்லதுதான். ஆனால் அதே கதவு கால்சியத்துக்கும் மூடுகிறது. 2016இல் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் கண்டது இன்னும் வியப்பானது: இரும்பு, துத்தநாகம் குறைந்தால் சூபரின் குறைகிறது, பொட்டாஷ் குறைந்தால் கூடுகிறது. செடி தன் தேவையைப் பார்த்துக் கதவைத் திறந்து மூடுகிறது!

நீங்கள் கால் கிலோவை மூட்டில் ஒரே இடத்தில் வைத்ததால் அங்கே உப்புச் செறிவு ஏறி, பக்கத்திலிருந்த இளம் நுனிகள் கருகியிருக்கும்.

முதலில் வேரைப் பாருங்கள். மூட்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, அரையடி ஆழத்தில் கையால் மண்ணைக் கிளறுங்கள். வெள்ளையாக, விரலால் நசுக்கினால் நொறுக்கென்று உடையும் நுனிகள் நிறைய இருந்தால் கவலை இல்லை. இழுத்ததும் தோல் உறையாக உருவி வந்து, நடுவில் நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சினால் புறணி அழுகிவிட்டது. இன்னொரு வேரை நீளவாக்கில் கத்தியால் பிளந்து பாருங்கள். வெளிப்பக்கம் செம்பழுப்புத் தீற்றல், நடுத்தண்டு மட்டும் வெள்ளை என்றால் நூற்புழுவைச் சந்தேகப்படுங்கள். வேரைத் துளைக்கும் அந்தப் புழு பெரும்பாலும் அகத்தோலைத் தாண்டாமல் புறணியையே தின்னும். புழு இருந்தால் அதற்கு மருந்து பார்க்காமல் உரம் போடுவது வீண்.

வேர் சரியாக இருந்தால், வடக்குப் பச்சையாற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ கிடைக்கும்போது நன்றாக ஒரு முறை பாய்ச்சி உப்பைக் கீழே இறக்கி, உடனே வடித்துவிடுங்கள். இரண்டு நாள் தேங்கினால் வேர் மூச்சடைத்துப் போகும். பிறகு கால்சியம் நைட்ரேட்டை மரத்துக்கு 50 கிராம் வீதம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, ஒன்றரை முதல் இரண்டடி தள்ளி வட்டமாகத் தூவி மேலாக மண் அணைத்துத் தண்ணீர் விடுங்கள். இதிலும் தழைச்சத்து 15.5 சதம் உண்டு. அந்த அளவுக்கு யூரியாவைக் குறையுங்கள். டிஏபி, சல்பேட் உரங்களோடு ஒரே வாளியில் கரைத்தால் சுண்ணாம்பு படிந்து வீணாகும். பொட்டாஷை ஒரே மூச்சில் அள்ளிப் போட்டாலும் கால்சியம் ஏறாது. 3, 5, 7ஆம் மாதங்களில் பிரித்துப் போடுங்கள்.

மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தாதீர்கள். அறுந்த வேரில் காவல் இல்லாத திறப்பு உண்டாகி, சோடியமும் வாடல் பூஞ்சையும் நேரே நுழையும்.

போரான் குறைந்தாலும் குருத்து இதே மாதிரிதான் வரும். அதனால் தெளிப்பும் வேண்டும்: 10 லிட்டர் தண்ணீருக்குத் துத்தநாக சல்பேட் 50 கிராம், இரும்பு சல்பேட் 20, காப்பர் சல்பேட் 20, போரிக் அமிலம் 10, ஒட்டும் திரவம் சிறிது. இதில் கால்சியம் நைட்ரேட்டைக் கலக்க வேண்டாம். குருத்திலும் இளம் இலையிலும் படும்படி மாலையில் அடியுங்கள். கால்சியமும் போரானும் முதிர்ந்த இலையிலிருந்து குருத்துக்கு நகர்வது அரிது. கீழ் இலையில் மட்டும் அடித்தால் பிரயோசனமில்லை.

இதற்கிடையே தண்ணீரையும் மண்ணையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். தண்ணீரின் உப்பளவைக் காட்டும் இசி (மின்கடத்துத்திறன்) 1 dS/m-க்கு மேல் என்றால் வாழைக்கு அது ஏற்கெனவே சுமைதான்.

ஏற்கெனவே கெட்டு விரிந்த இலை மாறாது. நன்றாக வளரும் வாழை ஏழு முதல் பத்து நாளுக்கு ஓர் இலை விடும். தெளித்த பிறகு வரும் மூன்றாவது குருத்தைப் பாருங்கள்.