ஆவணிக் கல்யாணங்களும் வரப்போகும் பிராசசரும்

கேள்வி: நானும் என் கணவரும் பாலக்கோட்டில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். கல்யாணங்களுக்குப் படம் பிடிக்க அவர் போவார். எடிட்டிங் முழுக்க என் பொறுப்பு. 2018-இல் வாங்கிய கம்ப்யூட்டர்: இன்டெல் ஐ5-8400 பிராசசர், 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. புதுக் கேமரா வந்ததிலிருந்து 4கே வீடியோவை டைம்லைனில் வைத்தாலே திக்கித் திக்கி ஓடுகிறது. வைகாசியில் ஒரு கல்யாண வீடியோவை முடிக்க முடியாமல் சேலத்தில் ஒருவரிடம் கொடுத்து 7,000 ரூபாய் அழுதோம். இப்போது சீட்டு எடுத்த பணம் 80,000 ரூபாய் கையில் இருக்கிறது. தர்மபுரியில் ஒரு கடைக்காரர், "ஐ5-12400எஃப் போட்டுத் தருகிறேன், கிராபிக்ஸ் கார்டுதான் இருக்கிறதே, இது போதும்" என்கிறார். ஓசூரில் இன்ஜினீயரிங் படிக்கும் என் நாத்தனார் மகனோ, "அத்தை, அவசரப்படாதீர்கள். வருடக் கடைசியில் இன்டெல்லின் அடுத்த தலைமுறைப் பிராசசரான நோவா லேக் வருகிறது. அதை வாங்காவிட்டாலும் போட்டி நிறுவனமான ஏஎம்டிக்கு மாறுங்கள். பழைய தலைமுறையை இப்போது வாங்குவது பணத்தைக் கிணற்றில் போடுவது" என்கிறான். ஆவணியிலிருந்து தை வரை 11 கல்யாணங்கள் பேசியிருக்கிறோம். யார் சொல்வதைக் கேட்பது?

— ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: அன்புச் சகோதரிக்கு,

காத்திருக்க வேண்டாம். கடைக்காரர் சொன்னதையும் வாங்க வேண்டாம். இருவரில் உங்களுக்கு அதிகச் சேதம் செய்யக்கூடியவர் கடைக்காரர்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் நாத்தனார் மகன். நோவா லேக் 2026 கடைசியில் வரும் என்று இன்டெல்லே சொல்லியிருக்கிறது. அதில் பையன் கதை விடவில்லை. ஆனால் 'வருகிறது' என்றால் எது வருகிறது என்று அவனிடம் கேளுங்கள். இன்டெல்லின் டெஸ்க்டாப் பிராசசர்களில் சில ஆண்டுகளாக முதல் பந்தியில் உட்காருவது 'கே' என்ற எழுத்தில் முடியும் விலை உயர்ந்த வகைகள்தான். 12-ஆம் தலைமுறையின் கே வகைகள் 2021 நவம்பரில் வந்தன. 12400 போன்ற சாதா வகைகள் 2022 ஜனவரியில்தான் வந்தன. 13-ஆம் தலைமுறை 2022 அக்டோபரில் தொடங்கி 2023 ஜனவரியில் நிறைந்தது. 14-ஆம் தலைமுறையும் அப்படியே, 2023 அக்டோபர், 2024 ஜனவரி. அதற்கடுத்த கோர் அல்ட்ரா 200 வரிசை 2024 அக்டோபர், 2025 ஜனவரி. பிராசசரைப் பொருத்தும் மதர்போர்டுகளில் விலை குறைந்தவையும் பெரும்பாலும் அந்த ஜனவரியில்தான் கடைக்கு வரும். கே வகைகளுக்குப் பெட்டியில் சூட்டைத் தணிக்கும் கூலர்கூட வைப்பதில்லை, அதற்குத் தனிச் செலவு. அறிமுக விலையை டாலரில் படித்துவிட்டு மனத்துக்குள் ரூபாயாக மாற்றிக்கொள்பவர்கள் 18 சதவீத ஜிஎஸ்டியையும் இறக்குமதியாளரின் லாபத்தையும் மறந்துவிடுகிறார்கள்.

எனவே 80,000 ரூபாய்க்குள் முழு மாற்றம் செய்ய நினைக்கும் உங்களுக்கு நோவா லேக் என்பது நடைமுறையில் தை மாதத்துச் சரக்கு. அதற்குள் நீங்கள் பேசிவைத்த கல்யாணங்களில் பெரும்பாலானவை முடிந்திருக்கும். அவற்றில் இரண்டை மட்டும் சேலத்துக்கு அனுப்பினாலும் 14,000 ரூபாய் போய்விடும்.

வந்த பிறகாவது எதிர்பார்த்தபடி இருக்குமா? இந்த வியாபாரத்தில் ஏமாற்றங்களுக்குப் பஞ்சமில்லை. 2021-இல் வந்த ஐ9-11900கே-யில் 8 கோர், அதாவது வேலையைப் பங்கிட்டுச் செய்யும் 8 உள் அலகுகள். அதற்கு முந்தைய ஐ9-10900கே-யில் 10 கோர் இருந்தது! புதியதற்குக் கூடுதல் விலை கொடுத்து இரண்டு கோர்களை இழந்தார்கள். 14-ஆம் தலைமுறை, 13-ஆம் தலைமுறைக்குப் புதுச் சட்டை போட்டது போலத்தான் இருந்தது. 2024 ஆகஸ்டில் ஏஎம்டியின் ரைசன் 9000 பிராசசர்கள் வந்தபோது, விளையாட்டுகளில் முந்தைய 7000 வரிசையைவிடப் பெரிதாக எதுவும் கூடவில்லை என்று சோதித்தவர்கள் கையை விரித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 285கே மின்சாரத்தைக் குறைவாகக் குடித்தது, ஆனால் பல விளையாட்டுகளில் தன் அண்ணன் 14900கே-யிடம் தோற்றது.

இதைப் படித்துவிட்டு, புதிது எல்லாமே ஏமாற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் மேஜையில் இருக்கும் ஐ5-8400-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய தலைமுறை வரை டெஸ்க்டாப் ஐ5 என்றால் அதிகபட்சம் 4 கோர்தான். 2017 மார்ச்சில் ஏஎம்டி ரைசனை இறக்கி, இன்டெல் ஆயிரம் டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த 8 கோரை 499 டாலருக்குக் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெல்லின் ஐ5-க்கு 6 கோர் வந்துவிட்டது. அந்த ஐ5 வரிசையில் ஒன்றுதான் உங்கள் 8400. அன்று காத்திருந்தவர்களுக்கு நல்ல பலன். ஆகவே நாத்தனார் மகனின் ஆசையில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாய்ச்சலா, பூச்சுவேலையா என்பது கடைக்கு வந்து, நாலு பேர் சோதித்துப் பார்த்த பிறகுதான் தெரியும். அறிமுக மேடையில் காட்டும் படங்களை வைத்து அதன் மதிப்பைப் பேசுவது வீண்வேலை.

இப்போது கடைக்காரருக்கு வருகிறேன். உங்கள் கம்ப்யூட்டர் திக்குவதற்குக் காரணம் அதன் வயது மட்டும் அல்ல என்று சந்தேகிக்கிறேன். இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். புதுக் கேமராவில் எடுத்த ஒரு கிளிப்பை எடிட்டிங் மென்பொருளில் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். கிராபிக்ஸ் பகுதியில் 'வீடியோ டிகோட்' என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். 8400-க்குள்ளேயே ஒரு கிராபிக்ஸ் உண்டு. பட்டியலில் இரண்டு தெரிந்தால் இரண்டையும் பாருங்கள். பிராசசரின் கோடு உச்சியில் முட்டிக்கொண்டு நிற்க, அந்தக் கட்டத்தில் கோடு தரையில் படுத்திருந்தால் விஷயம் புரிந்துவிட்டது: வீடியோவைப் பிரித்துப் படிக்கும் வேலையை, அதற்கென்று இருக்கும் தனிப் பகுதி செய்யவில்லை. பிராசசரின் 6 கோர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு செய்கின்றன.

புதிய கேமராக்களில் பல, 4கே வீடியோவை எச்.265 என்ற சுருக்க வடிவில், 4:2:2 10-பிட் என்ற முறையில் பதிவு செய்கின்றன. பழைய 4:2:0 முறையைவிட நிற விவரம் இதில் இரு மடங்கு. மணப்பெண்ணின் அரக்குப் பட்டும் மண்டபத்தின் மஞ்சள் விளக்கும் சேரும் இடத்தில் நிறம் திருத்த இது அருமையான முறை. ஆனால் இதைப் பிரித்துப் படிக்கும் வசதி உங்கள் 8400-க்குள் இருக்கும் கிராபிக்ஸிலும் இல்லை, 1050 டிஐ கார்டிலும் இல்லை. இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில் உண்டு. உங்கள் 1050 டிஐ-யின் நிறுவனமான என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குத்தான் அது கிடைத்தது.

'எஃப்' என்று முடியும் பிராசசரில் அந்த உள் கிராபிக்ஸ் பகுதிதான் வேலை செய்யாது. கொஞ்சம் விலை குறைவு என்பதால் விளையாட்டுக்குக் கம்ப்யூட்டர் கட்டுபவர்கள் அதை வாங்குவார்கள். அவர்களுக்கு அது சரி. உங்களுக்கோ, எதற்காகப் புதிது வாங்குகிறீர்களோ அந்த ஒரு வசதியை மட்டும் நீக்கிவிட்டுத் தருகிறார் கடைக்காரர். பாவம், அவர் உங்களை விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்துவிட்டார்.

கணவரிடம் கேட்டு, கேமரா மெனுவில் பதிவு முறை என்னவென்று உறுதி செய்துகொள்ளுங்கள். 4:2:2 முறையே எச்.264 வடிவில் பதிவாகிறது என்றால் மேலே சொன்ன இன்டெல் பிராசசர்களும் உதவாது, எச்.265-க்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

ஏஎம்டிக்கு மாறச் சொல்லும் யோசனையும் உங்கள் வேலைக்குப் பொருந்தாது. நாத்தனார் மகனின் வாதம் எனக்குத் தெரியும்: பிராசசர் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்கு அப்பாலும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது, ஒரு தடவை போர்டு வாங்கினால் பிராசசரை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். பழைய ஏஎம்4 விஷயத்தில் அந்த நிறுவனம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. 2017-இல் வந்த போர்டிலேயே, பயாஸ் என்ற அதன் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தபின், 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசரைப் பொருத்தியவர்கள் உண்டு. விளையாட்டுக்காக வாங்குகிறவனுக்கு அது தங்கமான வாதம். ஆனால் ஏஎம்டியின் கிராபிக்ஸில் இந்த 4:2:2 வசதி கிடையாது. நீங்கள் ஆர்டிஎக்ஸ் 50 கார்டும் சேர்த்து வாங்க வேண்டிவரும். அதோடு ஏஎம்5-க்கு டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும். கோர் அல்ட்ராவுக்கும் அப்படித்தான். உங்களிடம் இருக்கும் டிடிஆர்4 ரேம் மூலைக்குப் போய்விடும். ரேம் இன்று விளையாட்டான செலவு இல்லை. 2025 கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. 'காத்திருந்தால் விலை குறையும்' என்று அதற்கு முன்பு சொல்லிக்கொண்டிருந்த எத்தனையோ பேர் அப்போது கையைப் பிசைந்தார்கள்.

ஆகவே என் யோசனை: டிடிஆர்4 ரேம் பொருந்தும் பி760 மதர்போர்டு ஒன்று, அதில் எஃப் இல்லாத ஐ5-14500 அல்லது ஐ5-13500. இரண்டிலும் 14 கோர்கள். வீடியோவைப் பிரிக்கும் பகுதியும் 12400-இல் ஒன்று என்றால் இவற்றில் இரண்டு. இவை கிடைக்காமல் போனால் எஃப் இல்லாத சாதா 12400 வாங்குங்கள், குறையில்லை. இருக்கும் ரேமைப் புதுப் போர்டில் மாட்டி, இன்னொரு 16 ஜிபி சேருங்கள். கிராபிக்ஸ் கார்டு அப்படியே இருக்கட்டும். வீடியோக்களை இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் வைத்து எடிட் செய்கிறீர்கள் என்றால், நடப்பு வேலைக்கு மட்டுமாவது அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வேண்டும்.

"13, 14-ஆம் தலைமுறை கெட்டுப்போகிறதாமே" என்று அவன் கட்டாயம் கேட்பான். உண்மைதான், அதிக வோல்டேஜ் காரணமாகப் பல பிராசசர்கள் நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டில் இன்டெல் அதற்குத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அந்த நீட்டிப்புப் பட்டியலில் இருந்தவை ஐ7, ஐ9 வகைகளும் ஐ5-இல் 600கே வகைகளும்தான். 13500, 14500 இல்லை. இருந்தாலும் போர்டின் பயாஸைக் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

அதே பயாஸில் இன்னொன்றும் செய்ய வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு மாட்டியிருந்தால் பல போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். அதை இயக்கத்தில் வைக்க வேண்டும். பிறகு பிரீமியர் புரோ பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதன் மீடியா அமைப்புகளில் வீடியோவைப் பிரிக்க இன்டெல்லைப் பயன்படுத்தும்படி டிக் போட வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் விட்டுவிட்டு, "புதுசு வாங்கியும் அதே கதைதான்" என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

எங்கே வாங்குவது? விலை பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் முகூர்த்த நேரத்தில் போர்டு படுத்துவிட்டால் அங்கே ஒரு நாள் போய்விடும். வித்தியாசம் சில நூறு ரூபாய் என்றால் நான் தர்மபுரியிலேயே வாங்குவேன். எங்கே வாங்கினாலும் சீல் பிரிக்காத பெட்டியில், வரிசை எண்ணோடு பில் போட்டு வாங்குங்கள். பெட்டி இல்லாமல் 'டிரே' என்று கொடுப்பதற்கு இன்டெல் நேரடி உத்தரவாதம் தராது. ஸ்டூடியோவுக்கு முறையான ஜிஎஸ்டி பதிவு இருந்தால் பில்லில் உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள், கட்டிய வரியை வரவு வைத்துக்கொள்ளலாம். ஆடித் தள்ளுபடிக்காகக் காத்திருக்காதீர்கள். அது ஜவுளிக்கு.

பணம் செலவழிக்கும் முன்பே இன்றிரவு செய்யக்கூடியது ஒன்று உண்டு. எடிட்டிங் மென்பொருளில் 'பிராக்ஸி' உருவாக்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு கிளிப்புக்கும் எளிதாக ஓடும் சிறிய நகல் ஒன்றை அது செய்து வைத்துக்கொள்ளும். நீங்கள் வெட்டுவதும் ஒட்டுவதும் நகலில், கடைசியில் வெளியே வருவது அசல் தரத்தில். இரவு படுக்கும்போது ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும். வைகாசியில் இதைச் செய்திருந்தால் சேலத்துக்கு அனுப்பும் வேலையே வந்திருக்காது என்று நினைக்கிறேன். இப்படியே 11 கல்யாணங்களையும் தள்ளிவிட முடியுமா என்றால், முடியும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு இரவும் நிறைய டிஸ்க் இடமும் அதற்குத் தேவைப்படும். பணத்தைத் தொடவே மனமில்லை என்றால் தை வரை இப்படி ஓட்டுங்கள், அப்போது நோவா லேக்கின் லட்சணமும் தெரிந்துவிடும். நானாக இருந்தால் இப்போதே வாங்கிவிடுவேன்.

வாங்குவதென்றால் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய் வந்த கையோடு வாங்கிவிடுங்கள். பாதியில் நிற்கும் வேலை ஏதாவது இருந்தால் அதைப் பழைய கம்ப்யூட்டரிலேயே முடித்துக் கொடுத்துவிட்டு மாற்றுங்கள். மாற்றியதும் வைகாசியில் உங்களைப் படுத்திய அதே கல்யாணத்தின் கிளிப்புகளைப் போட்டு ஒரு முழு நாள் ஓட்டிப் பாருங்கள். ஏதாவது இடறினால் கடைக்காரரிடம் கொண்டுபோய் நிற்க ஆவணி பிறப்பதற்கு முன் உங்களுக்கு அவகாசம் இருக்கும்.