வாசகர் கேள்வி: மாதம் ஒரு வார்டு கடிதம்

கேள்வி: முதல்முறையாக நகராட்சி கவுன்சிலர் ஆகியிருக்கிறேன். வார்டில் என்ன நடக்கிறது என்று மாதம் ஒருமுறை மக்களுக்கு எழுதித் தர ஆசை. வாட்ஸ்அப்பில் படங்கள் போடுகிறேன், ஆனால் யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. கடிதத்தில் என்ன எழுதுவது?

எழுதுங்கள் சகோதரி, கட்டாயம் எழுதுங்கள். படத்தைப் பார்த்தால் நீங்கள் வந்து போனது தெரியும், அவ்வளவுதான். தெருக்கோடியில் அடைத்துக்கொண்ட சாக்கடை என்னவாயிற்று என்பது அதில் தெரியாது. ஜனங்கள் காகிதத்தைக் கையில் வாங்கியதும் முதலில் தேடுவது தங்கள் தெருப் பெயரைத்தான், அதனால் தெருவாரியாக எழுதுங்கள்.

முடிந்த வேலையை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, முடியாத வேலைக்கு அதிக இடம் கொடுங்கள். ‘சாலைப் பணி விரைவில் தொடங்கும்’ என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் அந்த ‘விரைவில்’ என்ற வார்த்தையை எத்தனையோ வருடமாகக் கேட்டுவிட்டார்கள். ‘மூன்றாம் தெரு சிமென்ட் சாலைக்கு டெண்டர் முடிந்தது, ஒர்க் ஆர்டர் வரவில்லை, பாதாளச் சாக்கடை இணைப்பு கொடுத்த பிறகே சாலை போட முடியும் என்று பொறியாளர் சொல்கிறார், போன வாரம் நேரில் போய்க் கேட்டேன்’ என்று எழுதிப் பாருங்கள். சாலை வராவிட்டாலும் அந்தத் தெருக்காரர்கள் உங்களிடம் நின்று பேசுவார்கள்.

எங்கள் ஊரில் நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு வார்டு உறுப்பினர் இருந்தார். ரேஷன் கடைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டிவைத்து, சாக்பீஸால் தானே எழுதுவார். தண்ணீர் எந்தக் கிழமை, எந்தத் தெருவுக்கு, எத்தனை மணிக்கு என்று இருக்கும். ஒரு தடவை மோட்டார் காயில் எரிந்துபோய் நாலைந்து நாள் தண்ணீர் இல்லை. காயில் கட்டக் கொடுத்திருக்கிறது, வியாழக்கிழமை வந்துவிடும் என்று பலகையில் எழுதியிருந்தார். வியாழன் வரவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ‘வியாழன்’ மேல் கோடு போட்டு ‘சனி’ என்று எழுதியிருக்கிறது. அம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடி அதைப் படித்துவிட்டு, சரி, சனிக்கிழமை வரட்டும் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மற்ற வார்டுகளில் காலிக் குடங்களோடு சாலை மறியல் நடந்தது, எங்கள் வார்டில் நடக்கவில்லை. அந்த அடித்த கோட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம், மாதத்துக்கு ஏற்ற செய்தி இருக்கட்டும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் அந்த அரையாண்டுக்கான சொத்து வரியை மாதம் முடிவதற்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. இதைத் தெரியாமலே எத்தனை பேர் முழுத் தொகையைக் கட்டுகிறார்கள்! வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும் என்பதால், எந்தெந்த மழைநீர் வடிகாலில் தூர் வாரியாயிற்று, எது பாக்கி என்பது செப்டம்பர் கடிதத்திலேயே வந்துவிட வேண்டும். கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள் எந்தத் தெருவுக்கு என்றைக்கு வருவார்கள் என்று போட்டால், அவர்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவது குறையும்.

ஒரே ஒரு தாள் போதும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு ரேஷன் கடை, அங்கன்வாடி, டீக்கடை மூன்றிலும் ஒட்டுங்கள். போன் இல்லாத பாட்டிக்கும் அந்த வார்டில் ஓட்டு இருக்கிறது. கீழே உங்கள் சொந்த எண்ணையே போடுங்கள்.

கேள்வி: எங்கள் கவுன்சிலர் வார்டில் என்ன வேலை நடக்கிறது, எவ்வளவு செலவு என்று எதுவுமே சொல்வதில்லை. கேட்டால் கோபப்படுகிறார். யாரிடம் போவது? (ஊர் பெயர் வேண்டாம்)

அவர் கோபப்படட்டும், நீங்கள் கேட்பதை நிறுத்த வேண்டாம். கணக்குக் கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டு, பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அது. ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் குடவோலையில் ஆள் எடுக்கும் விதிகளை அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே தடை. அதைப் படித்துவிட்டு நம் வார்டை நினைத்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

இன்றைக்கு உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. தமிழ்நாட்டு நகர்ப்புற வார்டுகளில் ஏரியா சபை, வார்டு கமிட்டி இரண்டும் அமைக்க 2022இல் விதிகள் வந்தன. கிராம சபை மாதிரியே நகரத்துக்கும் ஒரு சபை, அதுதான் ஏரியா சபை. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று மாநிலம் முழுக்கக் கூட்டம் நடந்தது. உங்கள் ஏரியா சபை அடுத்து எப்போது என்று நகராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். போகும்போது தனியாகப் போகாதீர்கள், தெருவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் சாலை போடவில்லை’ என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். ‘இந்த வார்டில் கடந்த 12 மாதங்களில் எடுத்த பணிகளின் பட்டியல், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர், முடித்த தேதி’ என்று ஆவணமாகக் கேளுங்கள். கிடைத்ததும் நகல் எடுத்துத் தெருவில் ஒட்டிவிடுங்கள், கவுன்சிலர் எழுத வேண்டிய கடிதத்தை நீங்களே எழுதினதாக ஆகும்.

கேள்வி: ஜெயித்தது மனைவி, ஆனால் வார்டு நோட்டீஸில் படம், பெயர், போன் எண் எல்லாம் கணவருடையது. இது சரியா?

சரியில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016இல் சட்டம் திருத்தியது அவர்கள் வந்து உட்காரத்தான். அடுத்த முறை புகார் கொடுக்க அந்த வீட்டுக்குப் போனால், அண்ணனிடம் சொல்லாமல் அக்காவைக் கூப்பிடச் சொல்லி அவர் கையிலேயே கொடுங்கள். மனுவிலும் அவர் பெயரையே எழுதுங்கள்.

கேள்வி: கவுன்சிலர்களுக்குச் சம்பளம் உண்டா?

மதிப்பூதியம் உண்டு. 2023 அறிவிப்பின்படி மாதம் மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000, நகராட்சி உறுப்பினருக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 ரூபாய். நூறு நோட்டீஸ் ஜெராக்ஸ் எடுக்கும் செலவு இதில் தாராளமாக அடங்கும்.

கேள்வி: நாங்கள் கிராமம். எங்களுக்கு இந்த மாதிரி மாதச் செய்தி யார் தருவார்கள்?

மாதாமாதம் இல்லை, ஆனால் ஆண்டுக்கு ஆறு கிராம சபை உங்களுக்கு இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போனதும் வரவு செலவுச் சுருக்கமான படிவம் 30-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடிக்கும் முன்பே தீர்மான நோட்டில் கையெழுத்துக் கேட்பார்கள், போடாதீர்கள்.